குடும்பப் பெயர் இல்லாத நமக்கு டிஎன்ஏ சோதனை எதைச் சொல்லும்?

ஐந்தாம் படிவ உயிரியலில் மரபுரிமை பற்றிய பாடத்தைத் தொடங்கினால் போதும், தூங்கி வழியும் வகுப்பும் விழித்துக்கொள்ளும். மெண்டலின் பட்டாணிச் செடியில் ஆரம்பிப்போம். பத்தாவது நிமிடத்தில் பேச்சு அவரவர் வீட்டுக்குப் போய்விடும். யாருடைய தாத்தாவுக்கு வழுக்கை, யாருடைய அத்தைக்குக் கன்னத்தில் குழி என்று ஆளாளுக்குச் சொல்வார்கள்.

சுங்கை பூலோவில் நான் கற்பிக்கும் இடைநிலைப்பள்ளியில் இவ்வாண்டு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ஒரு சீன மாணவன் தன் பெரியப்பாவின் கதையைச் சொன்னான். அவர் ஒரு சிறு குழாயில் எச்சிலைச் சேகரித்து வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினாராம். தம் குடும்பப் பெயரையே கொண்ட தூரத்து உறவினர் ஒருவரைக் கண்டுபிடித்தாராம். பக்கத்து மேசையில் இருந்த தமிழ் மாணவன் உடனே கேட்டான்: "சார், எங்களுக்குத்தான் குடும்பப் பெயரே இல்லையே! நாங்க எந்தப் பேரை வச்சுத் தேடுறது?"

மணி அடித்துவிட்டது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இந்தப் பக்கத்தைப் படிக்கும் பல இளைஞர்களுக்கும் இருக்கக்கூடியது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெரியப்பா செய்த சோதனை எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம். நம் செல்களில் 23 ஜோடி குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் 22 ஜோடி, ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல் கலைக்கப்பட்டுத்தான் பிள்ளைக்குப் போகும். ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் அப்படிக் கலைவதில்லை. அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறத்தாழ அப்படியே இறங்கும். எப்போதாவது ஓர் எழுத்துப் பிழை விழும். அந்தப் பிழையும் அடுத்தடுத்த மகன்களுக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்தப் பிழைகளை ஒப்பிட்டுத்தான் இரண்டு ஆண்கள் ஒரே தந்தைவழியில் வந்தவர்களா என்று சொல்கிறார்கள். (ஒய் குரோமோசோமை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்து முடித்தது 2023-ல்தான். சுமார் 6 கோடியே 20 இலட்சம் எழுத்துகள்.)

குடும்பப் பெயரும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் சமூகத்தில், பெயரும் ஒய் குரோமோசோமும் ஒரே தண்டவாளத்தில் ஓடும் இரண்டு பெட்டிகள். இதை முதலில் முறையாகச் சோதித்தவர்களுள் ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் சைக்ஸ். மருந்து நிறுவனம் ஒன்றின் தலைவரான சர் ரிச்சர்ட் சைக்ஸ் இவருக்கு உறவா என்று பலரும் கேட்கப்போய், அவருடைய மாதிரியை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார், ஒத்துப்போனது. பிறகு சைக்ஸ் என்ற பெயருடைய 48 ஆண்களைச் சோதித்து 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். இங்கிலாந்தின் யார்க்ஷயர் வட்டாரப் பேச்சில் அந்தப் பெயருக்கு எல்லை ஓடை என்று பொருள். ஓடை ஊருக்கு ஊர் இருக்கும். ஆகவே பெயரும் பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஆனால் 48 பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரே ஒய் அமைப்பு இருந்தது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு சைக்ஸின் வாரிசுகள் அவர்கள்.

மற்றப் பாதி? தத்துப் பிள்ளைகள், தாயின் பெயரை ஏற்ற பிள்ளைகள், மறுமணத்தில் வந்து சேர்ந்த பிள்ளைகள், வெளியே சொல்லப்படாத உறவில் பிறந்தவர்கள். ஒரு தலைமுறையில் 100-க்கு 2 இடத்தில் மட்டும் சங்கிலி அறுந்தால்கூட, 20 தலைமுறையில் மூன்றில் ஒரு பங்கு அறுந்துவிடும். கணக்குப் பிடித்தவர்கள் 0.98-ஐ 20 முறை பெருக்கிப் பாருங்கள். 2009-ல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 40 பெயர்களை எடுத்துக்கொண்டு 1,678 ஆண்களைச் சோதித்தார்கள். அபூர்வமான பெயர் கொண்டவர்களிடையே ஒற்றுமை அதிகம். ஸ்மித் என்ற பெயர் உடையவர்களிடம் அது இல்லை. ஸ்மித் என்றால் கொல்லர். கொல்லர் ஊருக்கு ஒருவர் இருந்திருப்பாரே!

சங்கிலி அறுவது அரச குடும்பத்திலும் நடக்கும். 2012-ல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. 1485-ல் போரில் இறந்தவர். அவருடைய சகோதரியின் பெண்வழியில் வந்த இருவரோடு, தாயிடமிருந்து மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒத்துப்போனது. தந்தைவழி வாரிசுகளாக வம்சாவளியில் எழுதப்பட்ட ஐந்து பேரின் ஒய் குரோமோசோமோ அவரோடு ஒத்துப்போகவில்லை. போதாக்குறைக்கு, அந்த ஐவரில் ஒருவர் மற்ற நால்வரோடும் ஒத்துப்போகவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்த வம்சாவளியே இப்படி என்றால் மற்றவர்கள் நெஞ்சைத் தட்டிக்கொள்வதற்கு முன் யோசிக்கலாம்.

பேரன் என்றால் பெயரன்

இனி நம் கதைக்கு வருவோம். நம் பெயருக்குப் பின்னால் அடையாள அட்டையில் இருப்பது அப்பாவின் பெயர். 'அனாக் லெலாக்கி' அல்லது 'அனாக் பெரெம்புவான்' என்பதன் சுருக்கம் நடுவில் நிற்கும். என் பெயரோடு என் அப்பா இருக்கிறார், தாத்தா இல்லை. என் மகனின் பெயரோடு நான் இருக்கிறேன். என் அப்பா இல்லை. சீன நண்பன் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ தலைமுறை பின்னால் போகலாம். பெட்டாலிங் சாலைக் கோடியில் 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட சான் குலத்தார் மண்டபம் இன்றும் இருக்கிறது. கேண்டனீஸ் பேசுவோரின் சான், ஹொக்கியன் பேசுவோரின் தான், மாண்டரினில் சென் எல்லாம் ஒரே எழுத்துதான். நமக்கோ பெயர் ஒரே தலைமுறையில் கைமாறிவிடுகிறது.

அதோடு, பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது பழைய வழக்கம். முனுசாமி மகன் இராமசாமி, இராமசாமி மகன் முனுசாமி என்று பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். பழைய தோட்டப் பதிவேட்டில் ஒரு முனுசாமியைப் பார்த்தால் அவர் தாத்தாவா பேரனா என்று ஆண்டை வைத்துத்தான் சொல்ல முடியும். குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதியபோது ஒரே முனியாண்டியை மூன்று நான்கு விதமாக எழுதிய கொடுமை தனி.

சிலர் பெயருக்குப் பின்னால் பிள்ளை, தேவர், நாயுடு என்று இருக்கிறதே, அது குடும்பப் பெயர் இல்லையா என்று கேட்கலாம். இல்லை. அவை சாதிப் பட்டங்கள். இலட்சக்கணக்கானோருக்குப் பொதுவானவை. சோதனைக் கணக்கில் அவற்றின் மதிப்பு ஸ்மித் என்பதற்கு மேல் வராது. ஒரே பட்டம் கொண்ட இருவர் ஒரே மூதாதையின் பிள்ளைகள் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஆனால் தந்தைவழியாக இறங்கும் அடையாளம் நம்மிடம் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. நகரத்தார்களுக்கு இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்கோயில், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்கள் உண்டு. ஒரு கோயிலையோ அதன் உட்பிரிவையோ சேர்ந்தவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை. கொங்கு வேளாளரிடம் ஆந்தை, காடை, பண்ணை, ஓதாளன் என்று கூட்டங்கள் உண்டு. தெலுங்கு பேசும் குடும்பங்களில் 'இண்டி பேரு' என்ற வீட்டுப் பெயர் இருக்கிறது. மற்றவர்களுக்குக் குலதெய்வம். ஒரே குலதெய்வத்துக்கு முடியிறக்கும் பங்காளிகள் ஒரு மூதாதையின் வழியில் வந்தவர்கள் என்பது நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஒய் குரோமோசோம் சோதித்துச் சொல்லிவிடும். ஆக, சைக்ஸ் செய்த வேலையை நாம் செய்ய வேண்டுமானால் அடையாள அட்டையை விட்டுவிட்டுக் குலதெய்வக் கோயிலின் வரிக் கணக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒய் குரோமோசோம் ஆராய்ச்சிக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன். அவர் மதுரை வட்டாரத்தில் சேகரித்த இரத்த மாதிரிகளில், ஜோதிமாணிக்கம் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஒருவரின் ஒய் குரோமோசோமில் எம்130 என்ற அடையாளம் இருந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடம் பரவலாகக் காணப்படும் அதே அடையாளம். ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை ஓரமாக மனிதர்கள் ஆஸ்திரேலியாவரை போனார்கள் என்ற கருத்துக்கு இது சான்று என்று மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் 2002-ல் வெளியிட்ட நூலிலும் ஆவணப்படத்திலும் சொன்னார். உடனே 'உலகின் முதல் தமிழன்' என்ற பாணியில் செய்திகள் பறந்தன. இன்றும் புலனக் குழுக்களில் அது சுற்றி வருகிறது. எம்130 மங்கோலியர்களிடமும் உண்டு. செங்கிஸ்கானின் வழி என்று பேசப்பட்ட ஒய் குரோமோசோமும் அதன் ஒரு கிளைதான் என்பதை மட்டும் யாரும் அனுப்புவதில்லை.

பிச்சப்பனின் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வு இதைவிடப் பெரியது. தமிழ்நாட்டில் 12 பழங்குடிகள், 19 பிற சமூகங்களிலிருந்து மொத்தம் 1,680 ஆண்களைச் சோதித்தார்கள். சமூகங்களுக்கிடையிலான வேறுபாடு சாதி முறைக்கு முந்திய, வேளாண்மை பரவிய காலத்தோடு தொடர்புடையது என்பது அவர்களின் முடிவு. கவனிக்க வேண்டியது, இது ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் கதை. உங்கள் கொள்ளுத்தாத்தா எந்த ஊரில் கப்பல் ஏறினார் என்பதை இந்த ஆய்வால் சொல்ல முடியாது.

ஆறு விழுக்காடு உறவு

கொள்ளுத்தாத்தா அளவில் உறவைத் தேட வேறொரு சோதனை இருக்கிறது. கலைத்துப்போட்ட அந்த 22 ஜோடி குரோமோசோம்களைப் பார்ப்பது அது. இதில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. பெற்றோரோடு 50 விழுக்காடு, தாத்தா பாட்டியோடு சுமார் 25, சித்தப்பா மகனோடு சுமார் 12.5, தாத்தாக்கள் அண்ணன் தம்பியாக இருந்தால் அந்தப் பேரப் பிள்ளைகளுக்கிடையே 3 விழுக்காடு அளவில் பொதுவாக இருக்கும். கொள்ளுத்தாத்தாக்கள் அண்ணன் தம்பியாக இருந்தால் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. பத்தில் ஒரு ஜோடிக்கு ஒன்றுமே தென்படாது. இன்னும் ஒரு தலைமுறை தள்ளிப் போனால் பாதிப் பேருக்கு உறவு இருந்தும் சோதனையில் தெரியாது.

இங்கே நம் வீட்டு வழக்கம் ஒன்று கணக்கைக் குழப்பும். மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டிக்கொள்வது. மற்றவர்களுக்குப் பாட்டன், பாட்டிகளின் பெற்றோர் எட்டுப் பேர் என்றால், மாமன் மகள் அத்தை மகன் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு ஆறு பேர்தான். ஒரே டிஎன்ஏ துண்டு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும். இப்படி நாலைந்து தலைமுறை நடந்த குடும்பத்தில், தூரத்து உறவினர் சோதனைத் தாளில் நெருங்கிய உறவினர்போல் தெரிவார். வெளிநாட்டு நிறுவனங்களின் கணினி இதைப் பெரும்பாலும் ஐரோப்பியக் குடும்பங்களை வைத்துத்தான் கணக்கிடுகிறது. 'இவர் உங்கள் தாத்தாவின் தம்பி பேரன்' என்று அது சொன்னால் ஒன்றிரண்டு படி தள்ளிவைத்தே படிக்க வேண்டும். 'தென்னிந்தியா 90 விழுக்காடு' என்று வண்ண வரைபடம் வேறு வரும். அதைத் தெரிந்துகொள்ளக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

இந்தச் சோதனை யாருக்கு உண்மையிலேயே பயன்படும் என்பதற்கு நம் ஊரைவிட நல்ல இடம் இல்லை. இன்று சுங்கை பூலோ என்றால் மருத்துவமனை, சிறைச்சாலை, சாலையோரம் வரிசையாக இருக்கும் செடிப் பண்ணைகள் என்றுதான் மாணவர்களுக்குத் தெரிகிறது. அந்தச் செடிப் பண்ணைகளைத் தொடங்கியவர்கள் தொழுநோயிலிருந்து மீண்டவர்கள் என்பது பலருக்குப் புதுச் செய்தி. 1930-ல் இங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. 550 ஏக்கருக்கு மேல் நிலம். தனிப் பள்ளி, தனிச் சிறை, வழிபாட்டுத் தலங்கள், வெளியே செல்லாத தனிப் பணத்தாள்கூட இருந்தது. உச்சத்தில் 2,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். சீனர்கள் அதிகம், தமிழர்களும் மலாய்க்காரர்களும் இருந்தார்கள். சட்டப்படி பிடித்து வரப்பட்டவர்கள் அவர்கள்.

உள்ளே திருமணங்கள் நடந்தன. குழந்தைகள் பிறந்தன. பிறந்த குழந்தையைத் தாய் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. குழந்தைகள் இல்லத்துக்கு எடுத்துப் போவார்கள். அங்கிருந்து உறவினர்கள் வந்து வாங்கிச் செல்வார்கள், அல்லது தத்துக் கொடுக்கப்படும். தொழுநோய் பரம்பரை நோய் அல்ல. கிருமியால் வருவது. 100-க்கு 95 பேருக்கு இயல்பாகவே எதிர்ப்பாற்றல் உண்டு. இவை தெரிந்த பிறகும் பிரிந்த பிள்ளைகள் பிரிந்தவர்களாகவே வளர்ந்தார்கள். புதிய பெற்றோர், புதிய பெயர். பெயரும் ஒய் குரோமோசோமும் ஒரே தண்டவாளத்தில் ஓடும் என்றேனே, இங்கே தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவர். முகம் சீன முகம். பெயர், பேச்சு, சமையல், சண்டை எல்லாம் தமிழ். இப்படித் தமிழ் வீட்டில் வளர்ந்த சீனப் பிள்ளைகள் நம் நாட்டில் நிறையப் பேர். இந்த அம்மாவை 'சுங்கை பூலோவிலேர்ந்து தூக்கிட்டு வந்த புள்ள' என்று தோட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியம்தான் அவரிடம் இருந்த ஆதாரம். வளர்த்த அம்மா உயிரோடு இருந்தவரை அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய மகன் சோதனை செய்துகொள்ளலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார். "நீங்கள் செய்யாதீர்கள், அம்மாவைச் செய்யச் சொல்லுங்கள்" என்றேன். காரணம் எளிது. அம்மாவிடம் முழுதாக இருப்பதில் பாதிதான் மகனிடம் இருக்கும். தேடும் உறவினரோடு அம்மாவுக்கு 6 விழுக்காடு ஒத்துப்போனால் மகனுக்கு 3 விழுக்காடுதான் தெரியும். வீட்டில் இருப்பவர்களுள் மூத்தவரைச் சோதிப்பதே எப்போதும் இலாபம். அந்த அம்மா பல மாதம் யோசித்தார். "வளத்தவங்களுக்கு நான் துரோகம் பண்ற மாதிரி ஆயிடுமா தம்பி?" என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். அதற்கு உயிரியலில் பதில் கிடையாது. அவருடைய கணவர்தான், "உன்னைப் பெத்தவளும் எங்கேயோ இதையே நெனச்சிருப்பா" என்று சொல்லி அனுப்ப வைத்தார்.

முடிவு வந்தபோது பட்டியலில் பெரும்பாலானவை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவை. ஒரே ஒரு பெயர் மட்டும் 6 விழுக்காடு. ஆஸ்திரேலியாவில் வாழும் ஒரு பெண், ஈப்போவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பம். மகன் எழுதிய செய்திக்கு நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்தப் பெண்ணின் பாட்டிக்கு ஒரு தங்கை இருந்தாராம். இளம் வயதில் 'மருத்துவமனைக்குப் போனவர்' திரும்பவில்லையாம். வீட்டில் அவரைப் பற்றிப் பேசமாட்டார்களாம். அக்காளின் பேத்திக்கும் தங்கையின் மகளுக்கும் இடையே கணக்குப்படி இருக்க வேண்டியது 6.25 விழுக்காடு. அதே எண்ணிக்கை வேறு சில உறவு முறைகளுக்கும் பொருந்தும் என்பதால் ஊர், வயது, ஆண்டு எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார்கள். வேறு எதுவும் பொருந்தவில்லை.

பெற்ற தாயின் பெயர் அப்படித்தான் அந்த அம்மாவுக்குத் தெரிந்தது. தந்தை யார் என்பது இன்னும் தெரியாது. ஆகவே தம்முடைய சீனக் குடும்பப் பெயர் எது என்பதும் தெரியாது. அது தந்தை வழியாகப் போவது; அந்த வழியைக் காட்டும் ஒய் குரோமோசோம் பெண்ணான அவரிடம் இல்லை. கூடப் பிறந்த அண்ணனோ தம்பியோ எங்காவது இருந்து, அவரும் சோதனை செய்திருந்தால் உண்டு. அந்த அம்மாவின் அடையாள அட்டையில் வளர்த்த அப்பாவின் பெயர் இருக்கிறது. அதை மாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. பெற்ற தாயின் பெயரைப் பூசையறையில் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். சீன எழுத்திலும் தமிழிலும்.

குடியிருப்பில் எஞ்சியிருக்கும் முதியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். தேடும் பிள்ளைகளுக்கும் வயதாகிவிட்டது. சோதனை செய்தால் மட்டும் போதாது. மறுபக்கத்தில் ஒருவராவது சோதனை செய்திருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு அப்படி ஒருவர் இருந்தார். தமிழ்க் குழந்தையாக இருந்திருந்தால் கிடைத்திருப்பாரா என்பது சந்தேகம்தான். இந்த நிறுவனங்களின் பதிவில் தமிழர்கள் மிகக் குறைவு.

எச்சில் உங்களுடையது, இரகசியம் குடும்பத்துடையது

அதனால் உடனே எல்லாரும் எச்சிலை அனுப்புங்கள் என்று சொல்ல வரவில்லை. முதலில், 18 வயது நிரம்பாதவர்கள் இதைத் தாமாகச் செய்ய முடியாது, பெற்றோர் மூலமாகத்தான். அடுத்து, நீங்கள் அனுப்புவது உங்கள் டிஎன்ஏ மட்டும் அல்ல. அதில் பாதி உங்கள் அம்மாவுடையது, பாதி அப்பாவுடையது. அண்ணன் தம்பி என்று வளர்ந்த இருவர் பாதி உறவுதான் என்றோ, தாத்தா என்று கும்பிட்டவர் தாத்தா இல்லை என்றோ தெரிய வரலாம். அதைக் கேட்கத் தயாராக இல்லாதவரும் அந்த வீட்டில் இருப்பார். சோதனைக்கு முன்பே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

மூன்றாவது, தகவல் பாதுகாப்பு. 2023-ல் அமெரிக்காவின் 23 அண்ட் மீ நிறுவனத்தில் சுமார் 69 இலட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. யூத வம்சத்தினர், சீன வம்சத்தினர் என்று பிரித்துப் பட்டியல் போட்டு இணையத்தில் விற்க முயன்றார்கள். 2025 மார்ச்சில் அதே நிறுவனம் நொடித்துப்போனதாக நீதிமன்றத்தில் பதிவு செய்தபோது, கோடிக்கணக்கானோரின் டிஎன்ஏ யார் கைக்குப் போகும் என்ற கேள்வி எழுந்தது. கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். ஒய் குரோமோசோமை மாற்ற முடியாது. சாதி பார்த்துப் பெண் கேட்கும் ஆட்கள் இன்னும் இருக்கும் நம் சமூகத்தில், இத்தகைய பட்டியல் எதற்கெல்லாம் பயன்படும் என்று எண்ணினால் எனக்கு உவப்பாக இல்லை.

என் வகுப்புக்கு நான் கொடுத்தது காசு செலவில்லாத வேலை. தாத்தா, பாட்டி, கொள்ளுத்தாத்தா பெயர்கள். தமிழ்நாட்டில் எந்த ஊர். குலதெய்வம் எது, அந்தக் கோயில் எங்கே. இங்கே எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி. பழைய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கடப்பிதழ், கல்யாணப் பத்திரிகை ஏதாவது இருக்கிறதா? இவ்வளவும் வீட்டில் கேட்டு எழுதி வர வேண்டும். தோட்டத்தின் பெயர் முக்கியம். கங்காணிகள் சொந்த ஊரிலும் அக்கம்பக்கத்து ஊரிலும்தான் ஆள் சேர்த்தார்கள். கங்காணி முறை 1938-ல் நின்றுபோனாலும், ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்த காலம் அதற்குப் பிறகும் நீடித்தது.

இரண்டு வாரத்தில் தாள்கள் வந்தன. பாதிப் பேருக்குக் குலதெய்வம் தெரியவில்லை. தோட்டத்து மாரியம்மன் பெயரை எழுதியிருந்தார்கள். ஆனால் முதலில் கேள்வி கேட்ட மாணவனின் தாளிலும், இரண்டு வரிசை தள்ளி உட்காரும் இன்னொருவனின் தாளிலும் ஒரே தோட்டம், திருச்சி பக்கத்தில் ஒரே ஊர், ஒரே அய்யனார் கோயில் இருந்தன. முதலாமவனுக்கு அது அப்பா வழி. மற்றவனுக்கு அம்மாவின் அப்பா வழி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருடமாக ஒரே வகுப்பு.

"இப்ப டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடுமா சார்?" என்றான் ஒருவன். இருவரின் ஒய் குரோமோசோமையும் ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். இரண்டாமவனிடம் இருப்பது அவனுடைய அப்பாவின் ஒய். தேட வேண்டியது அம்மாவின் அப்பாவுடையது. அது யாரிடம் இருக்கும் என்று வகுப்பைக் கேட்டேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "அவன் தாய்மாமன்கிட்ட சார்" என்றாள்.

அந்த மாமா ஜொகூரில் வேலை பார்க்கிறாராம். தீபாவளிக்கு வருவார். சோதனை பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அவரிடம் அய்யனார் கோயில் திருவிழாவுக்கு அவர்கள் வீட்டிலிருந்து இன்னும் வரி போகிறதா என்று கேட்டு வரும்படி சொல்லியிருக்கிறேன்.